காவலரணுக்கும் கொட்டிலுக்கும் நடுவே: வன்னியில் நடக்கும் போர்க்கால மர்மக் கதை எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

போர்க்கால மர்மக் கதை எழுதப் புறப்படுகிற எவருக்கும் முதல் பக்கத்திலேயே ஒரு முட்டுக்கட்டை காத்திருக்கும். செல் (பீரங்கிக் குண்டு) விழுந்து நாளாந்தம் ஆட்கள் சாகிற இடத்தில், ஒருவன் எப்படிச் செத்தான் என்று யார் கேட்கப் போகிறார்? சாதாரண ஊரில் ஒரு பிணம் விழுந்தால் பொலிஸ் வரும், விசாரணை நடக்கும், கதை தானாகவே நகரும். முன்னரங்கில் விழுந்த பிணத்துக்குக் காரணம் ஏற்கெனவே எழுதப்பட்டு இருக்கும். அந்தக் காரணத்தை நம்பாத ஓர் ஆள் எங்கேயோ ஒரு கொட்டிலில் இருக்க வேண்டும். அவரைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை.

நான் இப்படி ஒரு கதையை இரண்டு தடவை எழுதிக் கெடுத்து, மூன்றாம் தடவை ஓரளவு ஒப்பேற்றியிருக்கிறேன். கெடுத்த இடங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

படி 1: ஆண்டைப் பிடியுங்கள், மாதத்தையும் பிடியுங்கள்

"வன்னியில் போர் நடந்த காலம்" என்று ஒரு காலம் கிடையாது. ஐந்தாறு காலங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் பாதை வேறு, சாமான் வேறு, பயம் வேறு.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணம் வலிகாமத்தில் இருந்து சனம் பெயர்ந்தது. அடுத்த ஆண்டில் அதில் பெருந்தொகையானோர் கிளாலிக் கடல்நீரேரி தாண்டி வன்னிக்குள் வந்தார்கள். 1996 ஜூலையில் முல்லைத்தீவுப் படைத்தளம் புலிகளிடம் விழுந்தது. செப்டெம்பரில் கிளிநொச்சி இராணுவத்தின் கைக்குப் போனது. நகரம் போனதும் ஸ்கந்தபுரமும் அக்கராயனும் மல்லாவியும் புதுக்குடியிருப்பும் நகரங்களின் வேலையைப் பார்த்தன. 1997 மே 13ஆம் திகதி வவுனியாவில் இருந்து ஏ9 வீதியைப் பிடிக்க 'ஜயசிக்குறு' என்ற இராணுவ நடவடிக்கை தொடங்கி, ஒன்றரை வருடத்துக்கு மேல் இழுபட்டது. 1998 செப்டெம்பர் கடைசியில் கிளிநொச்சி மறுபடி புலிகளிடம். அதே நாட்களில் மாங்குளம் இராணுவத்திடம். 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைத்தளம் புலிகளிடம் விழுந்தது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம், ஏப்ரலில் ஏ9 திறப்பு. 2006 ஆகஸ்டில் முகமாலையில் பாதை அடைபட்டது. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்திடம் போய், மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது.

இதை ஒரு கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஏன் என்றால், நான் ஒட்டவில்லை. என் முதல் பிரதியில் 1997இல் ஒருவன் டோர்ச் அடித்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தான். அயலில் ஓர் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் வெற்றிலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஆர் தம்பி டோர்ச் அடிச்சவர்? பற்றரி எங்கயிருந்து வந்தது?" பொருளாதாரத் தடை இருந்த காலம் அது. பற்றரி, சீமெந்து, உரம் எல்லாம் தடை. மண்ணெண்ணெய் அளந்து வந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சொட்டு எண்ணெயில் எரிந்த விளக்குத்தான் வெளிச்சம். என் துப்பறிவாளன் வைத்திருந்த டோர்ச் மொத்தக் கதையையும் பொய்யாக்கிவிட்டது.

என் யோசனையைக் கேட்டால், முதல் கதைக்கு 1997, 98ஐ எடுங்கள். முன்னரங்கு ஒன்று தெளிவாக இருந்தது, வீடு ஒன்று அதற்குப் பின்னால் இருந்தது, இரண்டுக்கும் நடுவே சைக்கிளில் ஓர் இரவில் போய்த் திரும்பக்கூடிய தூரம் இருந்தது. இந்த வகைக் கதைக்கு வேண்டியது அந்தத் தூரம்தான். 2009இல் அது இல்லாமல் போய்விட்டது. நந்திக்கடலுக்கும் கடலுக்கும் நடுவே இருந்த ஒடுங்கிய மணல் துண்டில், சேலையைக் கிழித்துத் தைத்த பைகளில் மண் நிரப்பிப் பங்கருக்கு அடுக்கிய அம்மாக்களிடம் போய் "முன்னரங்கு எது, வீடு எது" என்று கேட்க முடியாது. அங்கே கேள்வி "யார் செய்தது" என்பது அல்ல, "எங்கே போனார்கள்" என்பது. அது வேறு வகைக் கதை, வேறு கை வேண்டும்.

2002 முதல் 2006 வரையான காலத்தை எவரும் தொடுவதில்லை. தொடலாம். ஊரைவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்த காலம். பழைய கணக்குகள் கிளறப்பட்ட காலம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி முல்லைத்தீவுக் கரையைக் கடல் அள்ளியது. தொலைந்துபோக நினைத்த ஒருவனுக்கு அதைவிட வசதியான நாள் எது?

படி 2: ஒரே ஒரு சாவு

மர்மத்துக்கு ஒரு சாவு போதும். மற்றச் சாவுகள் பின்னணியில் நடக்கட்டும். ஆனால் அவற்றைப் பின்னணி ஓசைபோல் பயன்படுத்தாதீர்கள். அயல் வீட்டில் செத்தவீடு என்றால் உங்கள் பாத்திரம் அங்கே போய் இருந்துவிட்டுத்தான் தன் துப்பைத் தேட வேண்டும்.

அந்த ஒரு சாவு ஏன் கேள்விக்குள்ளாகிறது என்பதற்கு ஒரு பொருள் வேண்டும். கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய, வீட்டார் மட்டுமே அடையாளம் காணக்கூடிய பொருள். சந்தேகம், கனவு, "அம்மாவின் மனம் சொல்லியது" இதெல்லாம் வேண்டாம். வாசிப்பவர் கொட்டாவி விடுவார்.

என் கதையில் அது ஒரு கைக்கடிகாரம். 1998 ஆடி மாதம். மல்லாவிப் பக்கம் ஒரு கொட்டில். வவுனியாவில் இருக்கும் அத்தான், வந்த ஒருவரிடம் தம்பிக்காரனுக்கென்று ஒரு மணிக்கூடு கொடுத்தனுப்புகிறார். அன்றிரவு அது வீட்டு மேசையில் இருக்கிறது. தங்கச்சி தன் கண்ணால் பார்க்கிறாள். மறுநாள் அண்ணன் மாங்குளம் முன்னரங்கில் செல் விழுந்து இறந்ததாகச் செய்தி வருகிறது. இரண்டு நாள் கழித்து அவனுடைய பொருட்கள் ஒரு பையில் வருகின்றன. பைக்குள், கண்ணாடி உடைந்து நின்றுபோன அதே மணிக்கூடு.

மேசையில் இருந்த மணிக்கூடு எப்படி முன்னரங்கில் இருந்தவனின் கைக்குப் போனது? இந்த ஒரு கேள்வியால் நூறு பக்கத்தை இழுக்கலாம்.

படி 3: அந்த அரைமணி நேரம்

இனி, வன்னி மண்ணைத் தவிர வேறெங்கும் கிடைக்காத ஒரு துப்பு. இளையவர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

1996 மே மாதம் இலங்கை அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே வருடம் ஒக்டோபரில் அதில் அரைமணியைத் திருப்பிக் கழித்தது. அதன் பிறகு 2006 ஏப்ரல் வரை நாட்டின் நேரம் பழையதைவிட அரைமணி முன்னால்தான் ஓடியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி இந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. வன்னிக்குள் பழைய நேரம், வவுனியாவில் புது நேரம். ஒரே சூரியன், ஒரே வீதி, நடுவில் அரைமணி.

என் கதையில் அந்த மணிக்கூடு 6.40இல் நின்றிருக்கிறது. இறப்பு நேரமாக அறிக்கையில் எழுதியிருப்பதும் காலை 6.40. காவல் மாற்றுகிற நேரத்தைக் குறிக்கும் கொப்பியில், அவன் 6.15க்குக் கடமையைக் கையளித்ததாக ஒப்பம் இருக்கிறது. எல்லாம் பொருந்துகிறது. காவல் முடித்து, பின்பக்கம் நடந்து வந்தான், செல் விழுந்தது. யாருக்கும் சந்தேகம் வராது.

ஆனால் அந்த மணிக்கூடு வவுனியாவில் இருந்து வந்தது. புது நேரத்தில் ஓடியது. அதில் 6.40 என்றால் வன்னியில் 6.10. அதாவது 6.15க்குக் கொப்பியில் ஒப்பமிட்டபோது அவன் ஏற்கெனவே செத்துப் போயிருந்தான்.

இதை அவிழ்க்கக்கூடியவர் முன்னரங்கில் எவரும் இல்லை. வீட்டில் இருந்த தங்கச்சிக்கு மட்டும்தான் அந்த மணிக்கூடு அரைமணி முந்தி ஓடியது தெரியும். முன்னரங்குக்கும் வீட்டுக்கும் இடையில் நடக்கிற கதை என்றால், முன்னரங்கில் நடந்ததை அவிழ்க்கும் திறப்பு வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் நடந்ததை அவிழ்க்கும் திறப்பு முன்னரங்கில். இரண்டு பக்கமும் தங்கள் திறப்பை வைத்துக்கொண்டு, அது எந்தப் பூட்டுக்கு என்று தெரியாமல் இருக்க வேண்டும்.

துப்பை வாசகரிடம் ஒளிக்கக் கூடாது, காட்டிவிட்டுக் கவனத்தைத் திருப்ப வேண்டும். நான் செய்தது இது. முதல் அத்தியாயத்தில் இரவு ஒன்பதேகால், பிபிசி தமிழோசை. பற்றரி இல்லாததால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில்தான் றேடியோ. சுற்றுவது வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் அமுங்கும். யார் சுற்றுவது என்று தங்கச்சிக்கும் சின்னத் தம்பிக்கும் சண்டை. "அரைமணி நேரமா நான்தான் சுத்துறன்" என்று தம்பி சொல்கிறான். "பொய், இப்பதானே தொடங்கினது" என்கிறாள் அவள். அவன் மேசையில் இருக்கும் புது மணிக்கூட்டைக் காட்டுகிறான்: பத்துமணிக்குக் கால்மணி இருக்கு. அம்மா இருவரையும் அதட்டுகிறார். முடிந்தது. வாசகர் சண்டையைப் பார்த்துச் சிரிப்பார், நேரத்தை மறந்துவிடுவார். இருநூறு பக்கம் கழித்து அந்தச் சண்டை திரும்பி வரும்.

படி 4: கொட்டிலை முழுமையாகக் கட்டுங்கள்

வீட்டுக் காட்சிகளைப் பலரும் அழுகையால் நிரப்பிவிடுகிறார்கள். வீட்டில் வேலைதான் அதிகம் நடந்தது. தறப்பாளை இழுத்துக் கட்டுவது, கிடுகு பின்னுவது, நிவாரண அட்டையோடு சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) வரிசையில் நிற்பது, பங்கருக்குள் வந்த பாம்பைத் தடியால் எடுப்பது, மரத்தின் கீழ் நடக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை விரட்டுவது. இந்த வேலைகளுக்குள்ளேதான் துப்பு விசாரணையும் நடக்க வேண்டும். உங்கள் தங்கச்சிக்குக் குறிப்புப் புத்தகம் வைத்துக்கொண்டு திரிகிற வசதி கிடையாது. சங்கக்கடை வரிசையில் அவளுக்கு முன்னால் நிற்கிற மாமிதான் அவளுடைய தகவலாளர்.

மலேரியாவை மறக்காதீர்கள். தொண்ணூறுகளின் வன்னியில் காய்ச்சல் வராத வீடு இல்லை. குளிர் பிடித்து நடுங்கிக்கொண்டு கிடந்தவன் இரவில் கண்டது கனவா நிசமா என்பது, சாட்சியைக் குழப்ப நல்ல வழி. ஒரு தடவை மட்டும் பயன்படுத்துங்கள்.

காட்டையும் மறக்காதீர்கள். பாலை, முதிரை, வீரை. ஆடி மாதம் என்றால் பாலைப்பழம். தின்றால் உதட்டில் பால் ஒட்டிப் பிசுபிசுக்கும். எண்ணெய் பூசித்தான் எடுக்க வேண்டும். செத்தவனின் சட்டைப்பையில் நான்கு பாலைப்பழக் கொட்டைகளை வைத்தேன். அவன் காவலரணில் இல்லாமல் காட்டுப் பாதையில் வந்தான் என்பதற்கு அது இரண்டாவது துப்பு. முதலில் உதட்டுப் பிசுக்கு என்றுதான் எழுதினேன். இறந்தவனின் உதட்டைப் பற்றி எழுத மனம் வரவில்லை, கொட்டையாக மாற்றிவிட்டேன்.

படி 5: காவலரணில் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது

சண்டைக் காட்சியைச் சினிமாபோல் எழுத ஆசை வரும். அடக்குங்கள். முன்னரங்கில் கூடுதல் நேரம் கழிந்தது காத்திருப்பில். சோற்றுப் பார்சல் வருமா, மழை பெய்தால் அகழிக்குள் தண்ணீர் எவ்வளவு ஏறும், அடுத்த சென்றி (காவல் முறை) யாருக்கு. செல்லைக் கண்ணால் காண்பதைவிடக் காதால்தான் அறிவார்கள்: தூரத்தில் குத்துகிற சத்தம், பிறகு கூவல், பிறகு வெடிப்பு. குத்தின சத்தத்தில் இருந்து எண்ணத் தொடங்குவது பெரியவர், சிறியவர் எல்லாருக்கும் பழகிய கணக்கு. சத்தத்தை வைத்து மோட்டாரா ஆட்லறியா என்று சின்னப் பிள்ளைகளே சொல்வார்கள். அந்த எண்ணிக்கையைக் காட்சியின் தாளமாக வையுங்கள், வர்ணனை தேவைப்படாது.

இங்கே இன்னொரு மர்மக் கருவி இலவசமாகக் கிடக்கிறது: பெயர். புலிகள் இயக்கத்தில் எல்லாருக்கும் இயக்கப் பெயர். பக்கத்தில் இரண்டு வருடம் படுத்தவனுக்கே சொந்தப் பெயரும் ஊரும் தெரியாமல் இருக்கும். வீட்டுக்குத் தெரிந்த பெயர் முன்னரங்கில் எவருக்கும் தெரியாது. தங்கச்சி அண்ணனின் சிநேகிதனைத் தேடிப் போகிறாள் என்றால், முதலில் தன் அண்ணனே அங்கே யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அடையாளத் தகட்டில் இருப்பதும் இலக்கம்தான்.

படி 6: துரோகியைத் தேடாதீர்கள்

நம் போர்க் கதைகளில் மர்மம் என்றால் கடைசியில் ஒரு துரோகி அகப்படுவான். காட்டிக் கொடுத்தவன், உளவாளி, காசு வாங்கியவன். இது மிகச் சோம்பலான விடை. அந்தச் சொல்லை நிசவாழ்க்கையில் எவ்வளவு இலகுவாக ஒருவரின் மேல் ஒட்டினார்கள், ஒட்டியபின் அவருக்கும் குடும்பத்துக்கும் என்ன நடந்தது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதைக் கதையிலும் செய்ய வேண்டாம்.

பொய் சொல்பவர்கள் அன்பினால் பொய் சொல்லட்டும். என் கதையில் அண்ணன் அனுமதி இல்லாமல் இரவோடு இரவாக அம்மாவைப் பார்க்க வந்தான். சொல்லாமல் வீடு வந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள், தண்டனை உண்டு. அம்மா இருட்டுக்குள் புட்டுக் கொடுத்து, மணிக்கூட்டைக் கையில் கட்டி, விடியுமுன் அனுப்பினார். அங்கே சிநேகிதன் அவனுக்குப் பதில் சென்றி நின்று, 6.15க்கு அவனுடைய ஒப்பத்தையும் போட்டான், இன்னும் கொஞ்சத்தில் வந்துவிடுவான் என்ற நம்பிக்கையில். திரும்பும் பாதையில் செல்.

இப்போது இருவருமே வாய் திறக்க முடியாது. அம்மா சொன்னால் மகன் ஓடி வந்தவன் ஆகிவிடுவான். சிநேகிதன் சொன்னாலும் அதேதான், அவனுக்கும் தண்டனை. இருவரும் ஒரே ஆளின் பெயரைத்தான் காப்பாற்றுகிறார்கள். ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியாது. தங்கச்சி துருவத் துருவ அந்தப் பெயருக்குத்தான் ஆபத்து. வில்லனே இல்லாமல் இவ்வளவு பதற்றம் கிடைக்கும்போது வில்லன் எதற்கு?

படி 7: பேச்சு

கதைசொல்லி எழுத்துத் தமிழில் சொல்லட்டும். பாத்திரங்கள் ஊர்ப் பேச்சில் பேசட்டும். ஆனால் வன்னிக்கு ஒரே பேச்சு கிடையாது. பரம்பரையாக வயல் செய்தவர்கள், யாழ்ப்பாணத்தில் இருந்து பெயர்ந்தவர்கள், 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்தில் இருந்து வந்து குடியேறியவர்கள் என்று பல பேச்சுகள் ஒரே குளக்கட்டில் கலந்தன. "வாங்கோ" என்பவரும் "வாங்க" என்பவரும் ஒரே கிணற்றில் தண்ணி அள்ளினார்கள். ஒரு சாட்சி "இருட்டில் யாரோ கூப்பிட்ட குரல்" என்று சொன்னால், எப்படிக் கூப்பிட்டது என்று கேளுங்கள்.

படி 8: உயிரோடு இருப்பவர்களின் மேல் கை வைக்காதீர்கள்

இது சின்னப் படி, தாண்டக் கூடாத படி. கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். 2023 ஜூன் மாதக் கடைசியில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கக் கிண்டியபோது மனித எச்சங்கள் வந்தன. இவற்றைக் கதையின் சட்டகமாக வைக்கலாம்: கிண்டிய குழியில் ஒரு பொருள், அதை அடையாளம் காணும் வயதான தங்கச்சி. ஆனால் உண்மையான ஒரு குடும்பத்தின் பிள்ளையை, படத்தை, கதையை எடுத்துப் புதிர் ஆக்காதீர்கள். உங்களுக்கு அது கடைசி அத்தியாயத்தில் முடியும். அவர்களுக்கு முடியவில்லை.

படி 9: வாசித்துக் காட்டுங்கள்

பிரதி முடிந்ததும் இலக்கியக்காரரிடம் கொடுக்குமுன், அந்த நாட்களில் அங்கே இருந்தவர் ஒருவரிடம் உரத்து வாசியுங்கள். அவர் நடையைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். சாமான்களைப் பற்றித்தான் கேட்பார்.

நான் மூன்றாம் பிரதியை அதே அம்மம்மாவிடம் கொண்டு போனேன். இம்முறை டோர்ச் இல்லை. அரைமணிக் கணக்கு வந்த இடத்தில் "ஓமோம், பழைய நேரம் புது நேரம்" என்று தலையாட்டினார். சிநேகிதன் ஒப்பம் போட்ட இடத்தில் ஒன்றும் பேசவில்லை. உடலை ஏழரை மணிக்குச் சோறு கொண்டுவந்த உழவியந்திரக்காரர் கண்டெடுத்த இடமும் போனது. கடைசி வரி வாசித்து முடித்துக் கொப்பியை மூடினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப அந்தச் சைக்கிள் எங்க, தம்பி?"

எனக்கு விளங்கவில்லை.

"பொடியன் சைக்கிள்ளதானே வந்தவன்? உடம்பு கிடந்த இடத்தில சைக்கிளும் கிடந்திருக்கும்தானே. சைக்கிளைக் கண்டால் அவன் எங்கயோ போய் வாறான் எண்டு அண்டைக்கே பிடிச்சிருப்பாங்கள். அதோட, அந்தக் காலத்தில ஒரு சைக்கிளை ஆராவது காட்டுக்க விட்டிட்டுப் போவினமே?"

அந்த உழவியந்திரக்காரருக்கு நான் பெயர்கூட வைத்திருக்கவில்லை. இப்போது அவருக்கு மூன்று அத்தியாயம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.